குளிர்ந்த இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்

கையை எடுங்கள் அக்கா, சுடும் என்கிறீர்கள். சுடத்தான் செய்கிறது. நானும் அதைத்தான் கேட்கிறேன். மணி எட்டே முக்கால். வண்டி உங்கள் வாசலில் வேப்பமர நிழலில் நிற்கிறது. வெயில் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்ஜின் மட்டும் எதற்காகச் சூடாக இருக்கிறது?

வேண்டாம், நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். பழைய வண்டி விற்கிற எல்லாரும் செய்கிற வேலைதான். வாங்குகிறவர் வருவதற்கு முன்னால் ஒருமுறை கிளப்பி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் அறியாதது போல் நிறுத்தி வைப்பது. இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜின் முதல் உதைக்குக் கிளம்புகிறதா, ஒன்பதாவது உதைக்குக் கிளம்புகிறதா, சைலன்சரின் முதல் மூச்சு என்ன நிறத்தில் வருகிறது, எதுவும் வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே பழைய வண்டி பார்க்கப் போகிறவர் சாவியைக் கேட்பதற்கு முன்னால் இன்ஜினில் கை வைக்க வேண்டும். சூடாக இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

நான் திரும்பப் போவதில்லை. ஏனென்றால் நான் வாங்க வந்தவள் இல்லை.

என் பெயர் ஹெப்சிபா. ஊர் சாயர்புரம். இங்கே தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இருபத்து மூன்று வருடமாக இயற்பியல் கற்பிக்கிறேன். பேசினால் பாடம் நடத்துவது போல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இந்த வண்டிக்கு முன்பணம் கொடுத்தாளே பியூலா, அவளுக்கு நான் அக்கா. எங்கள் அப்பா வேதாகமத்தின் ஒரே வசனத்திலிருந்து இரண்டு பெயரையும் எடுத்து எங்கள் இருவருக்கும் வைத்தார். ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வாயில் வரும். அப்படி வளர்ந்தவர்கள் நாங்கள். நீங்கள் சகாயம், சரிதானே? அவள் கைப்பையில் ஒரு சீட்டு இருந்தது. சகாயம், முள்ளக்காடு, சனிக்கிழமை பத்து மணி. நான் பையைக் குடைகிறவள் இல்லை. பேனா எடுக்கப் போனேன், சீட்டு வந்தது.

அவள் அதிகாலையிலேயே முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். ஆலயத்தில் பெண்கள் ஐக்கியச் சங்க வேலை என்று சொன்னாள். பொய். நான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன். என் வண்டியில் வந்திருக்கலாம், ஆனால் அதைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுவிடுவாள். அவள் பத்து மணிக்கு வருவதற்குள் எனக்கு உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். சுற்றி வளைக்கவில்லை. இந்த வண்டியை அவளுக்கு விற்காதீர்கள்.

இருங்கள். வாயைத் திறக்கிறீர்கள், தெரிகிறது. முதலில் நான் சொல்லி முடிக்கிறேன்.

காரணம் இல்லாமல் சொல்கிறவள் இல்லை நான். குனிந்து பாருங்கள். இந்தப் பக்கம். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் எங்கே? இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. போல்ட் இருந்த துளையைப் பாருங்கள், மரை பளபளவென்று இருக்கிறது. சுற்றிலும் துரு, அந்த இரண்டு துளை மட்டும் பளபளப்பு. அப்படியானால் இன்று காலையில்தான் யாரோ கழற்றியிருக்கிறார்கள். எதற்காக? எங்கேயோ விழுந்து வளைந்திருக்கும். வளைந்த கம்பியைக் கண்டால் விபத்தைக் கேட்பார்கள் என்று கழற்றி ஒளித்துவிட்டீர்கள். பேச வேண்டாம், இன்னும் இருக்கிறது.

மீட்டர் முப்பத்தெட்டாயிரம் காட்டுகிறது. நான் மீட்டரைப் பார்ப்பதே இல்லை. மீட்டரைத் திருப்பி வைக்கத் தெருவுக்கு ஒரு ஆள் இருக்கிறான். கியர் லீவரின் ரப்பரைத்தான் பார்ப்பேன். பிரேக் மிதியைப் பார்ப்பேன். கால் பட்டுத் தேய்ந்ததை யாரும் திருப்பி வைக்க முடியாது. எத்தனை வருடம் எத்தனை பேரைச் சுமந்தது என்று பின் ஃபுட்ரெஸ்டின் ரப்பர் சொல்லும். என் வண்டியில் இடது பக்க ரப்பரை மட்டும் இதுவரை நான்கு முறை மாற்றியிருக்கிறேன். சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிறவளின் இரண்டு காலும் அங்கேதானே. வலது பக்க ரப்பர் கடையில் வாங்கியது போலவே இருக்கிறது.

உப்பளத்துக்குப் போய் வந்த வண்டிதானே இது? மறைக்க வேண்டாம், உங்கள் கால் வெடிப்பே சொல்கிறது. தூத்துக்குடியில் பழைய வண்டி வாங்குகிறவர் மேலே பார்க்கக் கூடாது, கீழே படுத்துப் பார்க்க வேண்டும். டேங்க் கண்ணாடி மாதிரி மின்னும், பெயிண்ட் அடித்திருப்பார்கள். சேசிஸ் பைப்பின் அடியில் விரலால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். உப்புக் காற்று மேலே இருந்து தின்னாது, அடியில் இருந்து தின்னும். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே செம்மண் நிறம் தெரிந்தால் அந்தத் துரு நாளைக்குக் கார்புரேட்டரில் போய் உட்கார்ந்துகொண்டு நடு ரோட்டில் வண்டியை நிறுத்தும். நான் பார்த்துவிட்டேன், நீங்கள் உள்ளே தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில். உங்கள் டேங்க் உள்ளே சுத்தமாகத்தான் இருக்கிறது. சேசிஸும் மோசமில்லை. நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். அப்பா அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் வாசலில் ஊர் வண்டி எல்லாம் நிற்கும். ஸ்பேனர் என் கையில். பியூலா டார்ச் பிடிப்பாள். அவ்வளவுதான் அவள் வேலை. அப்பாவும் நானும் குனிந்து கிடப்போம், அவள் எங்கள் தலைக்கு மேலே நின்று எங்கே காட்டச் சொல்கிறோமோ அங்கே வெளிச்சம் காட்டுவாள். டார்ச் பிடிக்கிறவளுக்கு என்ன தெரியும்? அதனால்தான் சொல்கிறேன், அவளுக்கு வண்டி தெரியாது. நாற்பது வயதில் எதற்கு இந்த விளையாட்டு?

மூன்று முறை கேட்டாள், ஓட்டக் கற்றுக் கொடு என்று. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. முதல் தடவை மழைக்காலம். இரண்டாம் தடவை எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி. மூன்றாம் தடவை, "ஒனக்குக் கவனம் பத்தாது பியூலா" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. போன மாதம் தபால்காரர் ஒரு உறை கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கினேன். உள்ளே ஓட்டுநர் உரிமம். அவள் வேலை பார்க்கும் சரக்குக் கிளியரிங் ஏஜென்சியில் ஒரு பெண் ஸ்கூட்டி வைத்திருக்கிறாள், அவள் தம்பி ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்து மைதானத்தில் ஆறு மாதம் பழகியிருக்கிறாள். ஆறு மாதம்! காலையில் என் பின்னால் உட்கார்ந்து வருகிறாள், மாலையில் என் பின்னால் உட்கார்ந்து போகிறாள், நடுவில் இப்படி ஒரு காரியம். பிரித்த உறையை அப்படியே மேசையில் வைத்தேன். அவள் பார்த்தாள். "பிரிச்சிட்டியா, நல்லது" என்றாள். 

அவள் என்னோடு அதிகம் பேச மாட்டாள். பதினோரு வருடமாக. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், எங்களுக்குள் சண்டையே கிடையாது. தினமும் ஏழே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்புவோம். இருபது கிலோமீட்டர். நான் பேசிக்கொண்டே வருவேன். கல்லூரியில் நடந்தது, பேப்பரில் படித்தது, கூட்டாம்புளி வளைவில் எவன் எப்படி முந்தினான் என்பது. அவள் "சரி" என்பாள். ஏஜென்சி வாசல் வந்ததும் "இறக்கிவிடு" என்பாள். மாலையில் திரும்ப அதே சாலை, அதே சரி. ஒரு நாள் கணக்குப் பார்த்தேன், பேச்சைத்தான் சொல்கிறேன். காலையில் மூன்று வார்த்தை, மாலையில் இரண்டு. நான் ஓட்டும்போது பின்னால் திரும்புகிறவள் இல்லை. கண்ணாடியைக்கூட சாலை தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன், அவள் முகம் தெரிகிற மாதிரி இல்லை. பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே.

டீ போடச் சொல்லுங்கள், குடிக்கிறேன். உங்கள் வீட்டம்மா இல்லையா? வெளியே போயிருக்கிறார்களா? சரி, நீங்களே போடுங்கள். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, நான் பேசுவது கேட்கும்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாதி கேட்டால் தவறாக நினைப்பீர்கள். அப்பா இறந்த மறு வருடம் பியூலாவுக்கு நாசரேத்தில் சம்பந்தம் பேசினேன். அம்மா முன்பே இல்லை. நான்தான் பேசினேன், நான்தான் முடித்தேன். பையன் பெயர் ஜெபசிங். பள்ளிக்கூடத்தில் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்சம் சிரிப்பு அதிகம். ஆலயத்தில் முதல் ஓலை வாசித்தாயிற்று, அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. உங்கள் கோயிலிலும் அப்படித்தானே, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவதுதான் பாக்கி.

அந்த வாரம் புதன்கிழமை ஜெபசிங் தன் தாய்மாமாவோடும் இன்னும் நான்கு பேரோடும் எங்கள் வீட்டுக்கு வந்தான். மாமா அங்கே சபைக் கமிட்டியில் பெரிய ஆள். தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளை மருமகனுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்திருந்தார். அதில்தான் வந்தான். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். சிரித்துக்கொண்டே, "மதினி, நீங்க பெரிய மெக்கானிக்காம்லா? நம்ம வண்டியப் பாத்து ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க" என்றான்.

கேட்டான், தம்பி. அவன்தான் கேட்டான். நானாகப் போகவில்லை.

முறையாகப் பார்த்தேன். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. செயின் சக்கரத்தின் பற்கள் நேராக நின்றன, கொக்கி போல் வளையவில்லை. சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. கிளப்பிவிட்டு, வெள்ளைக் கைக்குட்டையைச் சைலன்சர் வாயில் ஒரு நிமிடம் பிடித்தேன், எண்ணெய்ப் பொட்டு விழவில்லை. "மதினி, இதயம் நல்லா இருக்கா?" என்று அவன் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். பியூலாகூட வாசலில் காப்பித் தட்டோடு நின்று சிரித்தாள்.

கடைசியாக நம்பர். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். சரியாக இருந்தது. இன்ஜின் நம்பரைத் தேய்த்தேன். ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் வேறு நம்பர். ஒரு எழுத்து இரண்டு எழுத்து இல்லை, முழுவதும் வேறு. நீங்களே சொல்லுங்கள், அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு காப்பி குடிக்க முடியுமா? சொன்னேன். "இது இந்த வண்டியின் இன்ஜின் இல்லை. ஒன்று திருட்டு, இல்லாவிட்டால் மோசடி."

அந்த மாமா எழுந்தார். "ஏம்மா, படிச்ச புள்ள பேசுத பேச்சா இது?"

"படித்ததனால்தான் பேசுகிறேன்" என்றேன்.

ஜெபசிங் அப்போதும் பதற்றப்படவில்லை. "மதினி, அது மாமா இன்ஜின் மாத்துனது. புக்குல இருக்கும்லா, பாருங்க" என்றான். "பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்" என்றேன். மாமா என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "திருட்டுப் பயலுவ வீட்டுல பொண்ணு குடுக்காண்டாம். எந்திலே மக்கா" என்றார். ஆறு பேரும் போய்விட்டார்கள். அவன் தெருத் திரும்பும் வரைக்கும் பின்னால் பார்த்துக்கொண்டே போனான். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

மூன்று மாதம் கழித்து எங்கள் ஆலயத்து ஐயர் வீட்டுக்கு வந்தார். ஜெபம் செய்தார். பிறகு சொன்னார், அந்தப் புத்தகத்தின் பின் பக்கத்தில் இன்ஜின் மாற்றியதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் முத்திரையும் புது நம்பரும் இருந்ததாம். அவரே பார்த்தாராம். "ஒரு பக்கம் திருப்பிப் பாத்திருக்கலாமே, ஹெப்சிபா" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவர்கள் திருப்பிக் காட்டியிருக்கலாமே, ஐயா" என்றேன். நியாயம்தானே? ஆறு ஆண்கள் நின்றார்கள். ஒருவருக்கு அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டக் கை வரவில்லை. ஒரு தாளைத் திருப்ப முடியாத ரோஷக்காரர்கள் வீட்டில் போய் என் தங்கை என்ன சுகப்பட்டிருப்பாள்? நான் செய்தது நல்லதுதான். அவன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள். அதே வண்டியை இன்னும் ஓட்டுகிறானாம். அவ்வளவு பழைய வண்டியை இவ்வளவு காலம் ஓட்டுவது பெட்ரோலுக்குக் கேடு.

பியூலாவா? அழவில்லை. அன்றைக்கு அவர்கள் போன பிறகு காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். ஆறு தம்ளரிலும் ஆடை படிந்திருந்தது. "பின்னால பாத்தியாக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். புத்தகத்தைத்தான் கேட்டாள். நான் கை கழுவப் போனேன். கை முழுக்கப் பென்சில் கரி. அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்டதே இல்லை. வேறு மாப்பிள்ளை பார்க்கவா என்று நான்தான் வருடத்துக்கு ஒருமுறை கேட்பேன். "நீ பாத்துச் சொல்லு" என்பாள். சொல்கிற விதத்தில் நான் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன்.

உங்களுக்கு அவள் மாட்டிக்கொண்டவள் போலத் தோன்றும். என் கழுத்தைப் பாருங்கள் தம்பி, மாட்டிக்கொண்டவள் நான். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், எட்டு வருடம் முன்னால். போகவில்லை. நான் போனால் பியூலாவை யார் கொண்டுபோய் விடுவது? "பஸ் இருக்குல்லா, நீ போ" என்றாள். அவள் நிற்க, ஊர் பார்க்க, பஸ் வர, என்ன பேசுவார்கள்? கல்யாணம் நின்ற பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு அக்கா பட்டணம் போய்விட்டாள் என்பார்கள். ஆகவே இருந்தேன். கல்லூரியில் மாலை ஆய்வகம் வைத்தால் எனக்கு முடியாது, அவள் ஐந்தரைக்கு வாசலில் நிற்பாள். ஒரு கருத்தரங்கம், ஒரு வெளியூர்ப் பயணம், எதற்கும் முடியாது. பதினோரு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாள். முதுகில் அவள் மூச்சு படும். பேச்சு படாது. அந்த எடை இல்லாமல் வண்டி ஓட்டினால் எனக்கு இப்போது வளைவில் கை தடுமாறுகிறது. இது உங்களுக்குப் புரியுமா?

சொல்லுங்கள், இவளுக்கு இனி தனி வண்டி எதற்கு?

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை குறைவு, அதுவே நல்லது.

சாவியைக் கொடுங்கள். உட்காரவில்லை, கிளப்பி மட்டும் பார்க்கிறேன். ம். அரை உதை. சூடான இன்ஜின் அரை உதையில் கிளம்பத்தான் செய்யும், அதில் உங்களுக்குப் பெருமை இல்லை. என் கைக்குட்டை. ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள்.

பாருங்கள். வெறும் சாம்பல் நிறம். எண்ணெய் இல்லை. நீலப் புகையும் இல்லை. ஆனாலும் நான் நம்ப மாட்டேன். காலையில் குளிர்ந்திருந்தபோது என்ன புகை விட்டதோ யாருக்குத் தெரியும்? அதைப் பார்த்தவர் இருந்தால் சொல்லட்டும்.

என்ன சிரிப்பு? நான் வந்ததிலிருந்து ஏதோ சொல்ல வருகிறீர்கள். சரி, சொல்லுங்கள். இப்போது சொல்லுங்கள். குறுக்கே பேச மாட்டேன்.

எத்தனை மணிக்கு?

ஐந்தே முக்காலுக்கா? பியூலாவா?

சுடிதார் போட்டுக்கொண்டா? பியூலாவிடம் சுடிதாரே கிடையாதே.

மெதுவாகச் சொல்லுங்கள். நீங்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தீர்கள். அவள் கேட்டைத் திறந்து நேராக வந்து இன்ஜினில் கை வைத்தாள். "நல்லா ஆறிக் கிடக்கு அண்ணே, இப்பப் பாத்திருவோம்" என்றாள். டார்ச் கொண்டுவந்திருந்தாளா? எந்த டார்ச்? நீளமாக, தகர டார்ச்சா? அது அப்பாவுடையது. அது பரணில் அல்லவா கிடந்தது.

கீழே படுத்துப் பார்த்தாளா? சுடிதாரோடு, இந்த மண்ணிலா?

பென்சிலும் தாளும் வைத்திருந்தாள். சேசிஸ் தேய்த்தாள், இன்ஜின் தேய்த்தாள். ஆர்.சி.யை வாங்கினாள். முன் பக்கம் பார்த்தாள். பிறகு?

ஆமாம். திருப்பிப் பார்ப்பாள். பியூலா திருப்பித்தான் பார்ப்பாள்.

பிறகு ஓட்டிப் பார்த்தாள். திருச்செந்தூர் ரோட்டில் ஆத்தூர் பாலம் வரைக்கும் போய் வந்தாளா, தனியாக? ஒரு மணி நேரத்துக்கு மேலே, எட்டு மணிக்குத்தான் திரும்பினாள். நீங்கள் வண்டியோடு ஓடிவிட்டாள் என்று பயந்துவிட்டீர்கள். திரும்பி வந்தபோது எப்படி இருந்தாள்? இல்லை, சும்மா கேட்டேன். பாடிக்கொண்டு வந்தாளா? பாட்டா? என்ன பாட்டு? ஞானப்பாட்டா? அவளுக்குக் குரல் உண்டு, சின்ன வயதில் ஆலயக் கொயரில் பாடினாள். நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. இன்ஜின் சத்தத்தில் எங்கே கேட்கப் போகிறது என்று இருந்திருப்பாள்.

பெயர் மாற்றாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்றாளாக்கும். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். விற்கிறவரிடம் வெறும் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், நாளைக்கு ஒரு விபத்து என்றால் யார் தலை உருளும்? பணம் முழுவதும் கொடுத்தாயிற்று. ஆர்.சி. உங்கள் வீட்டம்மா பெயரில் இருக்கிறது என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போயிருக்கிறாள். வந்து எடுத்துக்கொள்வாள். ஆகவே இந்த வண்டி இப்போது உங்களுடையது இல்லை. நான் இவ்வளவு நேரம் பியூலாவின் வண்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

அவள் சொல்லியிருந்தாளா? என்ன சொன்னாள்? அவள் சொன்னபடியே சொல்லுங்கள், நாகரிகம் பார்க்க வேண்டாம்.

"எங்க அக்கா ஒம்பது மணிக்குள்ள வருவா அண்ணே. பத்து மணின்னு சீட்டுல எழுதி வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி வந்திருவா. உக்கார வச்சு ஒரு டீ குடுங்க. நடுவுல பேசாதீங்க. சொல்லி முடிச்சாத்தான் அவளுக்கு மூச்சு வரும்."

இவ்வளவு நீளமாகவா பேசினாள்?

மூச்சு வரும் என்றா சொன்னாள்.

அந்த ஃபுட்ரெஸ்ட்? அதையும் கேட்டுவிடுகிறேன். விபத்து ஒன்றும் இல்லையா? அவள்தான் கழற்றச் சொன்னாளா? நீங்கள் வேண்டாம்மா, யாராவது ஏறினால் தேவைப்படும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு அவள்?

"யாரும் ஏற மாட்டாங்க அண்ணே."

கொடுங்கள், பார்க்கிறேன். பேப்பரில் சுற்றித் தந்துவிட்டாளா, எனக்குத் தேவையில்லை என்று. ரப்பர் புதிதாக இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இந்த வண்டியில் பின்னால் யாரும் அதிகம் போனதில்லை போலிருக்கிறது. என் வண்டிக்கு இது பொருந்தும், அளவு ஒன்றுதான். நான் எடுத்துக்கொள்ளட்டுமா? வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் இனித் தேயப் போவதில்லை.

செயின் கொஞ்சம் தளர்வு. ஒரு விரல் அளவுதான் ஆட வேண்டும், இப்போது இரண்டு விரல் ஆடுகிறது. அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாக வேண்டாம். இல்லை, வேண்டாம், அவளே பார்த்திருப்பாள்.

நான் கிளம்புகிறேன். அவள் வரும்போது நான் இங்கே நிற்பது சரியில்லை. பஸ் நிறுத்தம் உப்பு மண்டிப் பக்கம்தானே?

என்ன? இருங்கள் என்கிறீர்கள். அவளும் சாயர்புரத்துக்குத்தானே போகப் போகிறாள், வெயிலில் இரண்டு பஸ் மாறுவானேன், வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டு சேர்ந்தே போய்விடலாமே என்கிறீர்கள்.

நல்ல மனது உங்களுக்கு. ஏறிக்கொள்கிறேன் தம்பி. காலை எங்கே வைப்பது, அதை மட்டும் சொல்லுங்கள்.